கூடையிலிருந்து வலைக்கு: பெண்களின் பந்தாட்டம் நடந்து வந்த பாதை

இம்மலரின் பிற பக்கங்களில் எமது கல்லூரி வலைப்பந்தாட்ட அணிகளின் படங்களும், வென்ற கிண்ணங்களின் விபரமும், பயிற்றுவித்த ஆசிரியைகள் பற்றிய நினைவுகளும் வெளிவருகின்றன. அவற்றைத் திரும்பச் சொல்லி இடத்தை நிரப்ப நாம் விரும்பவில்லை. மலர்க்குழுவினர் ‘விளையாட்டு வரலாறு’ என்று தலைப்பை மட்டும் தந்து எழுதக் கேட்டபோது, வெவ்வேறு காலங்களில் கல்லூரி அணிக்கு ஆடிய நாம் சிலர் கூடிப் பேசினோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நின்றது. உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு நாம் அநேகமாக எல்லோரும் பந்தைக் கீழே வைத்துவிட்டோம். எமது அண்ணன் தம்பிமார் ஊர்க் கழகங்களில் தலை நரைக்கும் வரை உதைபந்து ஆடினார்கள். அவர்களுக்கு மாலையில் மைதானம் இருந்தது, கழகம் இருந்தது, சனி ஞாயிறில் சுற்றுப்போட்டி இருந்தது. எமக்குப் பத்தொன்பது வயதில் ஆட்டம் முடிந்தது. யாரும் தடுத்ததாகக்கூட நினைவில்லை. ஆடுவதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

பாடசாலைக்கு வெளியே பெண்களுக்கு ஓர் ஆடுகளம், ஓர் அணி, முடிந்தால் ஒரு சம்பளம் ஆகியவை எங்கே, எப்படிக் கிடைத்தன என்று தேடினோம். தேடல் எம்மை வெகுதூரம் கொண்டுபோயிற்று. வலைப்பந்தாட்டம் கூடைப்பந்தாட்டத்தின் பிள்ளை என்பதால் தாயின் வீட்டுக்கே போக வேண்டியிருந்தது.

1891 டிசெம்பரில் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் உள்ளே ஆட ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். மேல்மாடக் கைப்பிடியில் இரண்டு பீச் பழக் கூடைகளை அறைந்தார்கள். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடி உயரம். நாம் கழுத்து நோக அண்ணாந்து பார்த்து எறிந்த வலைப்பந்தாட்ட வளையமும் அதே 10 அடிதான். கூடை வளையமாயிற்று, பலகை போயிற்று, ஆட்கள் ஏழு ஆயினர். உயரம் மட்டும் மாறவே இல்லை.

ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகே நோர்தம்ப்டனில் ஸ்மித் கல்லூரி என்ற பெண்கள் கல்லூரி இருந்தது. அங்கே 1892இல் உடற்பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்தவர் செண்டா பெரென்சன். லித்துவேனியாவில் பிறந்து சிறுவயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர். இளமையில் நோஞ்சானாக இருந்து உடற்பயிற்சியால் தேறியவர். புதிய விளையாட்டைப் பற்றி வாசித்ததும் அதைத் தமது மாணவிகளுக்கு அறிமுகம் செய்தார். 1893 மார்ச்சில் முதலாம் ஆண்டு மாணவிகளும் இரண்டாம் ஆண்டு மாணவிகளும் மோதினர். பார்வையிட ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஆட்டத்தைத் தொடங்கப் பந்தை மேலே எறிந்தபோதே ஒரு மாணவியின் தோள்மூட்டு விலகியது. அதைச் சரிசெய்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். இந்த இடத்தை வாசித்தபோது எமக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது.

பெரென்சன் செய்த முக்கியமான காரியம், களத்தைக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்தது. ஒரு பகுதியில் நிற்பவள் மற்றப் பகுதிக்குள் போகக்கூடாது. மற்றவள் கையில் உள்ள பந்தைப் பறிக்கக்கூடாது. மூன்று விநாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக்கூடாது. வலைப்பந்து ஆடிய எவருக்கும் இது எங்கே கேட்ட சங்கதி என்று உடனே விளங்கும். சுண்ணாம்புக் கோட்டில் கால் பட்டதும் விசில் அடித்த ஆசிரியைகளின் முகம் எம் எல்லோருக்கும் நினைவிருக்கிறதல்லவா? அந்த விசிலின் மூலம் 1890களில் நோர்தம்ப்டனில் இருக்கிறது.

இன்று பலர் இந்த விதிகளைப் பார்த்து, பெண்களைப் பலவீனர் என்று எண்ணிக் கட்டிப்போட்ட விதிகள் என்று குறை சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பெண்கள் மிகையாக ஓடினால் நரம்பும் இதயமும் கெட்டுவிடும் என்று டாக்டர்மார் சொன்ன காலம் அது. ஆனால் பெரென்சன் அந்தக் கோட்டைப் போட்டிராவிட்டால் பல கல்லூரிகளில் ஆட்டத்தையே நிறுத்தியிருப்பார்கள் என்பது எமது எண்ணம். அவர் தொகுத்த பெண்களுக்கான விதிகளை 1901இல் ஸ்போல்டிங் நிறுவனம் புத்தகமாக அச்சிட்டது. கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் அவரது பெயர் சேர்ந்தது 1985இல். அப்போது அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

விளையாட்டு அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது மார்டினா பெர்க்மன் ஒஸ்டெர்பெர்க் என்ற சுவீடன் நாட்டு அம்மையாரின் உடற்பயிற்சிக் கல்லூரி வழியாக. முதலில் லண்டன் ஹம்ப்ஸ்டெட்டிலும் 1895 முதல் டார்ட்ஃபோர்டிலும் அவர் அதை நடத்தினார். அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் கற்பித்த கூடைப்பந்தாட்டத்தை அங்கிருந்த மாணவிகள் வெளியே புல்தரையில் ஆடிப் பழகினர். நீண்ட பாவாடையுடன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பலகை மாட்டச் சுவரும் இல்லை. தட்டுவது போயிற்று, பலகை போயிற்று, வளையத்தில் வலை தொங்கிற்று. 1901இல் இங்கிலாந்தில் ‘நெட்போல்’ விதிகள் அச்சாகின. அந்தக் கல்லூரியில் பயின்ற ஆசிரியைகள் பேரரசு எங்கும் பரவினார்கள். அவர்களோடு விளையாட்டும் பரவியது. மிஷன் பாடசாலைகள் நிறைந்த எமது நாட்டுக்கும் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

பெயர் மட்டும் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. அவுஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் 1970 வரை இதை ‘பெண்கள் கூடைப்பந்து’ என்றே அழைத்தார்கள். மெல்பேர்ணிலும் சிட்னியிலும் வாழும் எமது சகோதரிகள் கவனிக்கவும்: உங்கள் அயல்வீட்டுப் பாட்டி ‘பள்ளியில் பாஸ்கட்போல் ஆடினேன்’ என்று சொன்னால் அவர் ஆடியது அநேகமாக நாம் ஆடிய ஆட்டம்தான். ஆட்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கவில்லை. நியூஸிலாந்தில் ஒன்பது பேர் ஆடினார்கள். 1938இல் அந்த அணி மெல்பேர்ணுக்கு வந்து அவுஸ்திரேலிய விதிப்படி ஏழு பேராக ஆடி 40க்கு 11 என்று தோற்றது.

இந்தக் குழப்பம் எங்கே தீர்ந்தது தெரியுமா? எமது இலங்கையில். 1960இல் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் இங்கே கூடி உலகம் முழுவதற்கும் ஒரே விதிகளை வகுத்தனர். சர்வதேசச் சம்மேளனமும் அப்போது உருவாயிற்று. அதன் முதற்பெயரில் ‘பெண்கள் கூடைப்பந்து’, ‘வலைப்பந்து’ என்ற இரண்டு சொற்களும் இருந்தன; யார் மனமும் நோகக்கூடாது அல்லவா! 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ணில் நடந்த முதலாவது உலகச் சுற்றுப்போட்டியில் பங்குகொண்ட 11 அணிகளில் இலங்கையும் ஒன்று. ஆண்கள் கிரிக்கெட்டில் முதலாவது உலகக்கிண்ணம் 1975இல்தான் வந்தது. இலங்கைப் பெண்கள் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே ஓர் உலகப் போட்டியில் ஆடிவிட்டார்கள் என்பதைப் பாடசாலை நூல்களில் நாம் எங்கும் படித்ததில்லை.

இனி எமது கேள்விக்கு வருவோம். பாடசாலைக்குப் பிறகு?

இதற்கு விடை தேடும்போது அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தை விட்டுவிட முடியாது. சோளம் விளையும் நாட்டுப்புறம். அங்கே பெண் பிள்ளைகள் ஆடியது ஆறு பேர் கொண்ட கூடைப்பந்தாட்டம். நடுக்கோட்டுக்கு ஒரு பக்கத்தில் மூவர், மறு பக்கத்தில் மூவர், கோட்டைத் தாண்டக்கூடாது, பந்தை இரண்டு தடவைக்கு மேல் தட்டக்கூடாது. கூடைக்கு எறிபவர் எறிந்துகொண்டே இருப்பார், தடுப்பவர் தடுத்துக்கொண்டே இருப்பார். எமது ஷூட்டரும் டிஃபென்ஸும் போல. 1925இல், பெண்கள் பொதுமக்கள் முன் போட்டி போடுவது தகாது என்று மாநிலப் பாடசாலைச் சங்கம் பெண்களின் சுற்றுப்போட்டியைக் கைவிட்டது. சிறு ஊர்ப் பாடசாலைகளின் அதிபர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியேறித் தனிச் சங்கம் அமைத்தார்கள். அவர்கள் பெண் விடுதலைக்காக மட்டும் செய்தார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். சிறிய ஊரில் வெள்ளிக்கிழமை இரவு சனம் கூடுவது அந்த ஆட்டத்துக்குத்தான். நுழைவுச்சீட்டுப் பணமும் ஊர்ப் பெருமையும் அதில் இருந்தன. எப்படியோ, மற்ற மாநிலங்களில் பெண்களின் ஆட்டம் ஒடுங்கிய காலத்தில் அங்கே அது செழித்தது.

1968 மாநில இறுதிப் போட்டியை இன்றும் பேசுகிறார்கள். யூனியன்-விட்டன் பாடசாலை 113, எவர்லி பாடசாலை 107, அதுவும் மேலதிக நேரத்தில். டெனிஸ் லோங் என்ற மாணவி 64 புள்ளிகள். தோற்ற அணியின் ஜெனெட் ஒல்சன் 76 புள்ளிகள். அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோ வோரியர்ஸ் என்ற ஆண்கள் தொழில்முறை அணி டெனிஸ் லோங்கைத் தெரிவுசெய்து பெயரை அறிவித்தது. லீக் தலைவர் அதை இரத்துச் செய்தார். அணி உரிமையாளர் அந்தப் பெண்ணைக் கல்லூரியில் படிக்க வைத்து, தமது ஆண்கள் அணியின் போட்டிக்கு முன் ஆடுவதற்குப் பெண்கள் லீக் ஒன்றையும் சிறிய அளவில் நடத்தினார். ஆண்கள் ஆட வரும் வரை சனத்தை உட்கார வைக்கும் ஆட்டம். ஆனாலும் பள்ளி முடிந்தபின் ஆட ஓர் இடம்.

அதற்கு முன்பே வேறொரு வழி இருந்தது. அதுதான் எமது நாட்டுக்கு மிகவும் பழக்கமான வழி: கம்பனி அணி. 1930இல் ரெக்ஸாஸ் மாநிலத்து டலஸ் நகரில் எம்ப்ளோயர்ஸ் கஷுவல்டி என்ற காப்புறுதி நிறுவனம், பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்னரே ஒரு பெண்ணைச் சுருக்கெழுத்தாளராக வேலைக்கு எடுத்தது. மாதம் 75 டொலர். அவரது சுருக்கெழுத்துக்காக எடுக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பேப் டிட்ரிக்சன் என்ற அந்தப் பெண் 1931இல் நிறுவன அணியைத் தேசியச் சம்பியன் ஆக்கினார். 1932இல் தேசிய மெய்வல்லுநர் போட்டிக்கு நிறுவனத்தின் பெயரால் தனி ஒருவராகப் போய், இருபது பேர் கொண்ட அணிகளையும் வென்று அணிக்கிண்ணத்தைக் கொண்டுவந்தார்! அதே ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி.

வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் ஹேன்ஸ் காலுறை ஆலையின் பெண்கள் அணி 1951, 1952, 1953 ஆகிய மூன்று ஆண்டுகளும் தேசியக் கிண்ணத்தை வென்றது. தொடர்ந்து 102 போட்டிகளில் தோற்கவில்லை. பகலில் ஆலையில் வேலை, மாலையில் பயிற்சி. 1954இல் நிறுவனம் அணியைக் கலைத்தது. கம்பனி அணியின் கதை எங்கும் இப்படித்தான். முதலாளிக்கு விருப்பம் உள்ளவரை அணி. விருப்பம் தீர்ந்தால், 102 வெற்றியும் ஒரு கடிதத்தோடு முடியும்.

நாஷ்வில் வணிகக் கல்லூரியின் அணியும் அப்படியே. தட்டெழுத்தும் கணக்கியலும் கற்பித்த அந்தத் தனியார் நிறுவனத்தின் பெயரால் ஆடிய அணி 11 தேசியக் கிண்ணங்கள் வென்றது. அதன் நட்சத்திரம் நெரா வைட், பதினைந்து தடவை அகில அமெரிக்க அணிக்குத் தெரிவானவர். 1957இல் பிரேஸிலில் நடந்த உலகச் சம்பியன் போட்டியில் அமெரிக்கா வென்றபோது சிறந்த வீராங்கனை அவரே. விளையாடிய காலத்தில் அவர் செய்த வேலை அணி உரிமையாளரின் அச்சகத்தில். 1969இல் உரிமையாளர் அணியை நிறுத்தினார். நெரா வைட் ஊருக்குத் திரும்பித் தோட்டம் செய்தார். உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரி! பின்னாளில், 1992இல், அவரைத் தேடிப்பிடித்துப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்.

கறுப்பினப் பெண்களுக்கு அந்த வாசலும் மூடியிருந்தது. பிலடெல்பியாவில் கறுப்பின மக்களின் பத்திரிகையான ‘ட்ரிபியூன்’ 1930களில் ஓர் அணியை நடத்தியது. அதன் தலைவி ஓரா வோஷிங்டன் டென்னிஸிலும் தமது மக்களின் தேசியச் சம்பியன், ஒற்றையர் ஆட்டத்தில் மட்டும் எட்டு முறை. அவர் சீவியத்துக்குச் செய்தது பிறர் வீடுகளில் வேலை. ஆட்டத்தை விட்டபின்பும் அதையே செய்தார். மற்ற வீராங்கனைகள் பெயருக்காவது தட்டெழுத்தாளராக இருந்தார்கள் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

1972இல் அமெரிக்கக் கல்விச் சட்டத்தில் வந்த ஒன்பதாம் தலைப்பு, அரச பணம் பெறும் பாடசாலைகளில் பெண்களுக்குச் சம வாய்ப்புத் தரவேண்டும் என்றது. 1976இல் மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்தாட்டம் முதன்முறையாகச் சேர்ந்தது. இந்தச் சூட்டோடு 1978 டிசெம்பர் 9ஆம் திகதி பெண்களுக்கான முதலாவது தொழில்முறை லீக் தொடங்கிற்று. மில்வோக்கி நகரில் முதல் ஆட்டம். சிக்காகோ ஹஸ்ல் 92, மில்வோக்கி டோஸ் 87. பார்க்க வந்தவர்கள் 7,824 பேர். எட்டு அணிகள். நாடு தழுவிய லீக் என்று பெயர். ஆனால் எமது கண்ணுக்கு அது எட்டு ஊர்களின் ஆட்டமாகவே தெரிகிறது. அதிலும் ஐயோவா அணியைப் போல் ஊரோடு ஒட்டியது வேறில்லை.

‘கோர்னெட்ஸ்’ என்ற அந்த அணியின் உரிமையாளர்களில் ஒருவர் ட்ரம்போலினைக் கண்டுபிடித்த ஜோர்ஜ் நிஸ்ஸன். ஒரே நகரில் அல்லாமல் மாநிலத்தின் வெவ்வேறு நகரங்களில் ஆடினார்கள். முன்பு பாடசாலைச் சுற்றுப்போட்டிக்குச் சனம் வந்த ஊர்களுக்கு இப்போது அணியே போயிற்று. லீக்கில் முதலாவதாகக் கையெழுத்திட்ட வீராங்கனை மொலி போலின், மொராவியா என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். முதல் சம்பளம் ஆண்டுக்கு 6,000 டொலர் அளவில். ஆறு பேர் ஆட்டத்தில் வளர்ந்தவர். அதாவது கோட்டைத் தாண்டாமல், எறிய மட்டும் பழகியவர். ஐவர் ஆட்டத்தில் களம் முழுவதும் ஓடித் தடுக்கவும் பழக வேண்டியிருந்தது. எமது ஷூட்டர்மாரைத் திடீரென்று சென்டராக ஓடச் சொன்னால் எப்படி இருக்கும்! ஆனால் எறிந்தார் என்றால் எறிந்தார்தான். 1980 மார்ச்சில் ஒரே ஆட்டத்தில் 55 புள்ளிகள் எடுத்தார்.

முதலாவது பருவத்தில் கோர்னெட்ஸ் இறுதிவரை வந்து, ஐந்து ஆட்டங்கள் கொண்ட தொடரில் ஹூஸ்டன் ஏஞ்சல்ஸிடம் 3க்கு 2 என்று தோற்றது. இரண்டாவது பருவத்திலும் இறுதிக்கு வந்து நியூயோர்க்கிடம் தோற்றது. அத்தோடு அணியும் முடிந்தது. வெல்லும் அணியும் செலவைத் தாங்க முடியாமல் போயிற்று என்றால் தோற்கும் அணிகளின் நிலையைச் சொல்ல வேண்டுமா? இரண்டாவது பருவத்தில் அவசரமாகச் சேர்த்த புதிய அணிகளில் இரண்டு, பருவம் பாதி ஆகும் முன்பே கலைந்தன. பல வீராங்கனைகளுக்குச் சம்பளம் வரவில்லை. கலிபோர்னியா அணியோ தனது வீராங்கனைகளை நடை உடை பாவனை கற்பிக்கும் பள்ளிக்கு அனுப்பியது. அதற்குக் காசு இருந்தது!

1981இல் மினசோட்டா ஃபில்லீஸ் அணி சம்பளம் இல்லாமலே ஆடிக்கொண்டிருந்தது. சிக்காகோவில் ஒரு போட்டி தொடங்கும் நேரத்தில் வீராங்கனைகள் களத்தை விட்டு வெளியேறினார்கள். பார்வையாளர் இருக்கையில் இருக்க, எதிரணி நிற்க, இவர்கள் போய்விட்டார்கள். நாம் வாசித்த விளையாட்டு வரலாற்றில் எந்தக் கிண்ணத்தையும்விட இந்தக் காட்சியே எமது மனதில் நிற்கிறது. ஆட வேண்டும் என்ற ஆசை ஒருவரை எவ்வளவு தூரம் பொறுக்க வைக்கும் என்பதும், எந்த இடத்தில் பொறுமை முடியும் என்பதும் அதில் இருக்கின்றன. மூன்று பருவங்களோடு லீக் முடிந்தது.

மொலி போலினுக்கு இன்னொரு வழக்கும் காத்திருந்தது. மணமுறிவுக்குப் பின் கீழ் நீதிமன்றம் சிறு மகனைத் தந்தையிடம் ஒப்படைத்தது. தாய் விளையாட்டுக்காக ஊர் ஊராகப் போனது வழக்கில் பேசப்பட்டது. 1983இல் ஐயோவா உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி மகனைத் தாயிடம் கொடுத்தது. கலியாணத்தோடு விளையாட்டு முடிவது எமது ஊர் வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்த எம்மில் சிலருக்கு இது புதிய செய்தி. ஐயோவாவின் ஆறு பேர் ஆட்டமும் 1993இல் கடைசிச் சுற்றுப்போட்டியோடு நின்றது. பெரென்சன் போட்ட கோடு அங்கே அழிந்தது. எமது நாட்டில் அது இன்னும் சுண்ணாம்பில் புதிதாக வரையப்படுகிறது.

இலங்கையில் வலைப்பந்தாட்டம் பாடசாலைக்குப் பிறகு உயிரோடு இருந்தது, இருப்பது, டலஸ் காப்புறுதி நிறுவனம் செய்த அதே முறையால்தான். வங்கிகளும் வர்த்தக நிறுவனங்களும் விளையாட்டுத் திறமையைப் பார்த்துப் பெண்களை வேலைக்கு எடுக்கின்றன. வர்த்தக நிறுவனங்களுக்கு இடையிலான சுற்றுப்போட்டியில் அவர்கள் மோதுகிறார்கள். முப்படைகளும் பொலிஸும் தமது அணிகளை வைத்திருக்கின்றன. இதை அரைத் தொழில்முறை என்று சொல்வதா, உத்தியோகத்தோடு வந்த ஆட்டம் என்று சொல்வதா என்று எம்மிடையே வாதம் நடந்தது. சம்பளம் விளையாட்டுக்கு இல்லை, உத்தியோகத்துக்குத்தான். ஆனால் உத்தியோகம் விளையாட்டால் வந்தது. நெரா வைட்டின் அச்சகம் போலத்தான் இதுவும். ஒரு வித்தியாசம்: இங்கே ஓய்வூதியமும் சேமலாப நிதியும் உள்ள வேலை என்றால், அணி கலைந்தாலும் மேசை மிஞ்சும்.

இந்த வழி கொழும்புக்கு அண்மையில் உள்ளவர்களுக்கே இலகுவில் திறந்தது. வடக்குக் கிழக்குப் பிள்ளைகள் மாகாணப் போட்டி வரை வந்து நின்றுவிடுவதே வழக்கம். போர்க்காலத்தில் அதுவும் இல்லை. மைதானங்களில் முகாம்கள் இருந்தன, பாடசாலைகள் இடம்பெயர்ந்து மர நிழல்களில் நடந்தன. அந்தப் பின்னணியில் தர்ஜினி சிவலிங்கத்தின் பெயரைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க முடியாது. அவர் எமது கல்லூரி மாணவி அல்லர். அதனால் உரிமை கொண்டாட எமக்கு இடமில்லை, மகிழ்ச்சி கொண்டாட உண்டு. புன்னாலைக்கட்டுவன் பகுதியில் ஈவினையைச் சேர்ந்தவர், வசாவிளான் மத்திய மகா வித்தியாலயத்தில் படித்தவர், பின் கிழக்குப் பல்கலைக்கழகம் சென்றவர். உயரம் 208 சென்ரிமீற்றர், எமது பழைய கணக்கில் 6 அடி 10 அங்குலம். உயரமாக வளர்ந்த பெண் பிள்ளையைப் பார்த்து எமது ஒழுங்கைகளில் என்ன கதைப்பார்கள் என்பதை உங்களுக்கு நாம் எழுதிக் காட்டத் தேவையில்லை.

அவரும் வங்கி உத்தியோகத்தின் வழியாகவே மேலே வந்தார். செலான் வங்கி அணிக்கு ஆடினார். 2009இல் ஆசியச் சம்பியன் ஆன இலங்கை அணியில் இருந்தார். அதன்பின் எம்மவர் எவருக்கும் அதுவரை கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்தது. மெல்பேர்ணுக்குச் சென்று, விக்டோரியா மாநில வலைப்பந்தாட்ட லீக்கில் சிற்றி வெஸ்ட் பல்கன்ஸ் அணிக்காக ஆடினார்.

அந்த லீக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் எமது கேள்விக்கு மிகக் கிட்டிய விடை அங்கேதான் கண்டோம். அது அவுஸ்திரேலியாவின் உச்ச லீக் அல்ல. அதற்குக் கீழே உள்ள படி, ஒரு மாநிலத்துக்குள் நடப்பது. ஆட்டங்கள் வேலை நாள் இரவுகளில், மெல்பேர்ண் பார்க்வில்லில் உள்ள மாநில வலைப்பந்தாட்ட அரங்கில் நடந்துவந்தன. ஆடுபவர்களுக்குப் பகலில் படிப்போ வேறு வேலையோ இருக்கும். ஒரு பக்கம் உச்ச அணிக்கு ஏற முயலும் இருபது வயதுப் பெண்கள், மறு பக்கம் உச்சத்திலிருந்து இறங்கியும் ஆட்டத்தை விட மனமில்லாதவர்கள். ஒரே களத்தில் இருவரும். முதலாளியின் விருப்பத்தில் தொங்காமல், மாநிலச் சங்கமே நடத்தும் போட்டி. பெரிய பணம் அதில் இல்லை. அங்கே ஆட்டம் பத்தொன்பது வயதில் முடிவதில்லை.

தர்ஜினி பின்னர் இலங்கை அணிக்குத் திரும்பி வந்து ஆடியபோது நடந்தவை பத்திரிகைகளில் வந்தவை. 2018 செப்டெம்பரில் சிங்கப்பூரில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை 69, சிங்கப்பூர் 50. 2019இல் லிவர்பூல் நகரில் நடந்த உலகக்கிண்ணத்தில், உலகின் எல்லா அணிகளினதும் ஷூட்டர்களை விட அதிக கோல்களைப் போட்டவர் அவரே. 2022 செப்டெம்பர் 11ஆம் திகதி மீண்டும் சிங்கப்பூரில், மீண்டும் அதே எதிரணியோடு, 63க்கு 53. இலங்கைக்கு அது ஆறாவது ஆசியக் கிண்ணம்.

எமது கல்லூரிக் களம் இப்போது சீமெந்துத் தரை. வளையங்கள் புதியவை. மாலை 4.30 வரை பிள்ளைகள் பயிற்சி செய்கிறார்கள், பிறகு கேற் பூட்டப்படுகிறது. நூற்றாண்டு நிதியில் மின்விளக்குப் போடுவது பற்றிச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் பேச்சு எழுந்ததாக அறிகிறோம். விளக்குப் போட்டால் ஆறு மணிக்குப் பிறகு களம் யாருக்கு என்று அக்கூட்டத்தில் எவரும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் நாம் கேட்கப் போகிறோம். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் உள்ள கிளைகள் தமது பிரதிநிதிகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.